கத்திக் கீறலும் யசோதராவின் கணக்கும்

பிழையான கைவேலை. இந்த இரண்டு வார்த்தைதான் ஏழு வருஷமாகக் கோதண்டத்தை அரித்துக்கொண்டிருந்தது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் மின்பேனலுக்குள் அவர் கட்டிய பதினோராயிரம் வோல்ட் கேபிள் முனை வெடித்தது. விசாரணைக்கு வந்த மூன்று பேர் சட்டை கசங்காமல் எட்டிப் பார்த்தார்கள். முனை கட்டிய ஜாயின்டரின் கத்தி உள் உறையைக் கீறியிருக்கிறது, அதனால்தான் வெடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார்கள். வெடித்த நேரத்தில் பேனல் பக்கம் நின்றவன் நோயல். ராயபுரத்துக்காரன், பதினோரு வருஷமாக அவருக்கு ஜோடியாக வேலை பார்த்தவன். அவர் வெட்டிய இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவன் பொறுப்பு. அவனுடைய இடது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெந்துபோனது.

இருபத்தாறு வருஷத்தில் கோதண்டம் கட்டிய முனைகள் மூவாயிரத்துக்குக் குறையாது. வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம், துறைமுகத்துக் கிரேன்களுக்கு, திருவொற்றியூர்ப் பட்டறைகளுக்கு. ஒன்றுகூட முனகியதில்லை. ஆனால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். காகிதத்தில் எழுதியதை எதிர்க்கக் காகிதம் வேண்டும், அவரிடம் இருந்தது தொண்டை மட்டும்தான். கத்தினார். கத்தின வேகத்தில் ஒரு பேச்சு நோயல் மேலும் விழுந்தது.

"அவன் ஒயுங்கா தொடச்சிருக்க மாட்டான். என் கத்தி இன்னா பண்ணும்?"

அவர் குடியிருந்த வியாசர்பாடியில் சொன்னது ராயபுரத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கான்ட்ராக்டரும் கூப்பிடுவதை நிறுத்தினார். கோதண்டம் மிக்சியும் ஃபேனும் பழுது பார்க்கிறவராகி, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு நாளைத் தள்ளினார்.

யசோதரா அவருடைய பழுதுக் கடை இருந்த குடியிருப்பிலேயே இரண்டு மாடி மேலே இருந்தாள். ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கையைத் துண்டில் துடைத்தபடி அவர் கடை வாசலில் வந்து நின்றாள்.

"ண்ணா, கரண்டு போனா லேப்டாப் செத்துப் பூடுது. எட்டு மணி நேரமா ஓடுன கணக்கு பாதில நின்னா மறுபடியும் மொதல்லருந்து வரணும். ஒரு இன்வெர்ட்டர் மாட்டிக் குடுங்க."

"படம் பாக்கறதுக்கு இன்வெர்ட்டரா? நல்லா கீதும்மா உங்க பொழப்பு."

"படந்தான். வந்து இன்னா படம்னு பாருங்க."

கூடத்துச் சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே மேஜை, மேஜைமேல் மூடி உடைந்து செலோடேப் ஒட்டிய பழைய லேப்டாப். பக்கத்தில், 'ஓடிக்கினு கீது, தொடாதே' என்று எழுதிய அட்டை. அது அவள் கணவன் செங்குட்டுவனுக்காக வைத்தது. பஸ் கண்டக்டர், டிக்கெட் மிஷினைத் தட்டுகிற ஞாபகத்தில் எந்தப் பொத்தானைக் கண்டாலும் அழுத்திப் பார்க்கிற ஆள்.

திரையைப் பார்த்த கோதண்டம் பேட்டரியைக் கீழே வைத்தார். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு உருவம். ஓரிடத்தில் மட்டும் சிவப்பு.

"இது கேபிள் முனைதானே? பதினோராயிரம். பாதிய காணோமே?"

யசோதரா திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுடைய ஆபீசில்கூடப் பார்த்த மாத்திரத்தில் அதைச் சொன்னவர்கள் கிடையாது.

"பாதி போதும்ணா. நடு அச்சுல வச்சி சுத்தி வுட்டா முழுசாயிடும்."

அவள் அப்பா வல்லரசு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகு போனபிறகு மூலக்கொத்தளம் பக்கம் சைக்கிளில் முட்டை விற்று மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். யசோதரா டிப்ளமோ முடித்து, அம்பத்தூரில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுகிற கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தாள். பகலில் சுற்றினாள், சாயங்காலம் பகுதி நேரமாக இன்ஜினியரிங் படித்தாள். இப்போது மின்சாதனங்களைச் சோதிக்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் போடுகிற வேலை. பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அங்கே அவளுக்குப் பெயர் 'டிப்ளமோ'தான். 'அந்த டிப்ளமோகிட்ட குடு, போடும்' என்பார்கள். குடுத்தால் போடுவாள். ஆபீஸ் மென்பொருளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அதன் விலைக்கு இரண்டு வீடு வாங்கலாம். அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை இறக்கி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தப்பும் தவறுமாக மூன்று வருஷம் மல்லுக்கட்டிப் பிடித்தாள்.

"கரண்டு கம்பிக்குள்ள மட்டும் இல்லண்ணா. வெளில சுத்தி ஒரு நெருக்கல் கீது, அதுக்கு மின்புலம்னு பேரு. தண்ணி லாரி வந்து நின்னா குடம் எப்டி நெருக்குது? அந்த மாதிரி. கேபிள் மேல கறுப்புத் தோல் கீதில்ல, அது முடியற எடத்துல நெருக்கல் தாங்காது. அதான் நீங்க அங்க ஒரு ட்யூப் மாட்றீங்க."

"மாட்டு மாட்டுன்னு சொன்னானுங்க, மாட்னேன். ஏன்னு எவன் சொன்னான்?"

"இந்த சாஃப்ட்வேர் படத்த சின்னச் சின்ன முக்கோணமா வெட்டும். எம்பதாயிரம் முக்கோணம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சமன்பாடு. மொத்தத்தையும் ஒண்ணா தீத்து, எங்க எவ்ளோ நெருக்கல்னு காட்டும்."

கோதண்டம் இன்வெர்ட்டரை மாட்டினார். கீழே போனார். பத்து நிமிஷத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்ட விசாரணை அறிக்கையோடு மறுபடி மேலே வந்தார்.

"இதுல எய்திக்கீறது நெசமா பொய்யா? உன் மிஷினு சொல்லுமா?"

தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் அவருக்கு வந்திருந்தது. போன வாரம்தான் பழைய கான்ட்ராக்டர் ஃபோன் பண்ணியிருந்தார். புதுசாக ஒரு துணைமின் நிலையம், நூற்றுக்கணக்கான முனைகள், ஜாயின்டருக்குப் பஞ்சம். 'உன் கைமேல எனக்கு நம்பிக்கை கீது கோதண்டம். மேல இருக்கறவன் பேப்பர் கேக்கறான். உன் தப்பு இல்லன்னு வெவரம் தெரிஞ்சவங்க யாரனா எய்திக் குடுத்தா கூட்டிக்கறேன்.' ஐம்பத்திரண்டு வயது. இந்த வாய்ப்புப் போனால் சாகும்வரை மிக்சிதான்.

யசோதரா அறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.

"சொல்லும்ணா. ஆனா உங்களுக்குப் புடிச்சதத்தான் சொல்லும்னு கேரண்டி கெடையாது."

"நீ போடும்மா. எனக்கு என் கை தெரியும்."

முதல் வாரம் கணக்கு அவர் கழுத்தைப் பிடித்தது. கறுப்புத் தோலை வெட்டுகையில் கத்தி உள்ளே இருக்கிற வெள்ளை உறையில் கால் மில்லிமீட்டர் இறங்கியதாக அறிக்கை சொன்னது. அதை அப்படியே வரைந்தாள். கீறலின் நுனி செக்கச்செவேல் என்று எரிந்தது.

கோதண்டம் திரையருகே குனிந்தார். "அப்ப அவனுங்க சொன்னதுதான் கரெக்டா?"

"இருங்க. எதையும் மூணு தடவ அந்த முக்கோண வலையச் சின்னதாக்கிப் பாப்பேன். பதில் மாறாம நின்னாத்தான் அது பதில்."

முக்கோணங்களைப் பொடியாக்கி மறுபடி ஓட்டினாள். எண் ஏறியது. இன்னும் பொடியாக்கினாள். இன்னும் ஏறியது. மூன்றாம் தடவையும் நிற்காமல் ஏறியதைப் பார்த்ததும் யசோதரா சிரித்துவிட்டாள். கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா சிரிப்பு? ஒருத்தன் இங்க செத்துக்கினு கீறான்."

"தப்பு உங்க கத்தில இல்ல, என் படத்துல. கீறல் நுனிய நான் ஊசிக்கும் ஊசியா வரைஞ்சிட்டேன். அவ்ளோ கூரான கத்தி உலகத்துலயே கெடையாது. அந்த மாதிரி நுனில வலையச் சின்னதாக்க ஆக்க எண்ணு ஏறிக்கினேதான் போகும், முடிவே இல்ல. உங்க கத்திய எடுத்தாங்க."

அதே கத்தி அவரிடம் இருந்தது. மிச்சக் கேபிள் துண்டு ஒன்றும் கட்டிலுக்கடியில் கிடந்தது. யசோதரா முன்னால் தரையில் உட்கார்ந்து, துண்டை இரு பாதத்துக்கும் நடுவே இடுக்கி, வேலைக்கு நடுவில் எப்படி வெட்டுவாரோ அப்படி வெட்டினார். ஏழு வருஷம் விட்டுப்போன கை. ஒரே சுற்றில் கறுப்புத் தோல் மோதிரம் போலக் கழன்று விழுந்தது. வேண்டுமென்றே ஒரு இடத்தில் அழுத்திக் கீறவும் சொன்னாள். அந்தக் கீறலை உருப்பெருக்கி வழியாக ஃபோனில் படம் பிடித்து, நுனி எவ்வளவு மழுங்கல் என்று அளந்து, படத்தை மாற்றினாள். முனை கட்டும்போது பூசுகிற பசை கீறலுக்குள் நிரம்பியிருப்பதையும் சேர்த்தாள். மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் ஒரே எண். கீறல் தாங்கும். தாங்குவதற்கு மேலும் இடம் இருந்தது.

கோதண்டம் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"பிரிண்ட் போட்டுக் குடும்மா. நாளைக்கே கான்ட்ராக்டராண்ட போறேன்."

"போலாம்ணா. கத்தி இல்லன்னா வேற இன்னா?"

"இன்னாவா இருந்தா உனக்கு இன்னா? என் கத்தி இல்ல. முடிஞ்சிச்சி."

"பதினோராயிரம் வோல்ட்டு சும்மா வெடிக்குமா? காரணம் இல்லாம பேப்பர் குடுத்தா அவங்களே திருப்பிக் கேப்பாங்க." அறிக்கையில் இருந்த புகைப்படத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க. உங்க வெட்டு இங்க கீது. கரிஞ்சது அதுக்கு மேல, நாலு விரல் தள்ளி. அதுவும் வெளித்தோலுதான் மொதல்ல அரிச்சிருக்கு. உள்ளருந்து வெளில வரல, வெளிலருந்து உள்ள போயிருக்கு. மூணு கால்ல, அதான் மூணு முனைல, நடுக்கால் மட்டும். ஏன்?"

கோதண்டத்துக்குத் தெரியவில்லை. அவரைப் பொறுத்தவரை அது தேவையும் இல்லை. ஆனால் யசோதரா விடுகிற ஜாதியில்லை. மறு வாரம் அவருக்குத் தெரியாமல் ராயபுரத்துக்கு ரயிலேறி, நோயல் வீட்டைத் தேடிப் பிடித்தாள். காசிமேட்டில் மீன் ஏலக் கூடத்தில் எடை பார்க்கிற வேலை அவனுக்கு. இடது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. லேப்டாப்பைத் திறந்து காட்டியதும் முக்கோணங்களைப் பார்த்துச் சொன்னானாம்: "இன்னாம்மா, எங்கப்பா வலையாட்டமே கீது. பொடி மீன் இருக்கற எடத்துல பொடிக் கண்ணு." அந்தப் பேனலின் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவன் மனைவி ஜானட்டின் ஃபோனில் ஒன்று கிடைத்தது. வெடிப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்தது. ஆயுத பூஜை.

ஞாயிற்றுக்கிழமை, நோயல் வீட்டில் வாங்கியது என்று சொல்லியே அந்தப் படத்தை யசோதரா கோதண்டத்துக்குத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் ஷட்டவுன் எடுத்து, பேனலின் பின்கதவைத் திறந்து, உள்ளே எல்லாவற்றையும் துடைத்து, பொட்டு வைத்து, பூ சாத்தி, பூசணிக்காய் உடைப்பார்கள். படத்தில் மாலை போட்ட பேனல் முன் கோதண்டமும் நோயலும் தோள்மேல் கை போட்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று கேபிள் முனைகள். ஓரத்து இரண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. நடுவில் இருந்ததற்கு மட்டும் சுற்றிலும் சந்தனப் பட்டை, மூன்று விரல் அகலம், நடுவில் குங்குமம்.

"இது யார் பூசனது?"

"நான்தான். பேனலுக்கு நான்தான் வெப்பேன், எவனையும் தொட வுடமாட்டேன். என் கையால கட்னது இல்ல? நடுல இருக்கறதுக்குப் பட்டை. வருசா வருசம் அப்டித்தான்."

"பூஜை முடிஞ்சி தொடப்பீங்களா?"

"சாமிக்கு வச்சத எவன்மா தொடப்பான்?"

"கலக்கன தண்ணி?"

"வெளில போர் கொயாய்தான்."

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. எண்ணூர்ப் போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் கடல்.

யசோதரா அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொன்னாள். சந்தனப் பொடி, மஞ்சள், அவர் வாங்குகிற அதே கடைக் குங்குமம். கோதண்டம் பழைய கணக்கில் குழைத்து ஒரு கண்ணாடித் துண்டில் பட்டையாகப் பூசினார். காயவைத்து, மின்சாரம் கடத்துகிறதா என்று மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. கோதண்டம் மூச்சுவிட்டார். பிறகு அவள் கண்ணாடியை எடுத்துப்போய் இட்லிப் பானை ஆவிக்கு மேலே ஒரு மணி நேரம் வைத்தாள். மறுபடி மீட்டரை வைத்தபோது முள் எழுந்து ஓடியது.

அந்த எண்ணைக் கணக்கில் கொடுத்தாள். காய்ந்த பட்டை என்று ஓட்டினால் படம் நீலமாகவே இருந்தது. ஈரப் பட்டை என்று ஓட்டினால் பட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. வெட்டுக்கு மேல், நாலு விரல் தள்ளி. பொட்டு வைத்த ஓரத்துக் கால்களை முழு உருவமாகவே தனியாக வரைந்து ஓட்டியதில் அவ்வளவு இல்லை.

"பட்டை எதையும் தொடலியேம்மா," என்றார் கோதண்டம். குரல் இறங்கியிருந்தது. "தொடாம எப்டி?"

"ஒரே பக்கமா போற கரண்டுன்னா வேற கணக்குண்ணா. இது செகண்டுக்கு அம்பது தடவ முன்னயும் பின்னயும் ஆடுது. ஆடற கரண்டுக்குத் தொடணும்னு இல்ல, தோல் வழியா ஏறிடும். ஈரமானா அந்தப் பட்டை செப்பு வளையம் மாதிரி. ஓரத்துல பொறி பறக்கும். ஒரே நாள்ல வெடிக்காது. பூஜை முடிஞ்சி மழை வந்திச்சா? ரெண்டு மாசம் கொஞ்சங் கொஞ்சமா அரிச்சி..."

"நிறுத்து." கோதண்டம் எழுந்துவிட்டார். "நீ புத்தரக் கும்புடறவ. அதான் பழிய சாமி மேல போட்ற."

"சாமி எங்கண்ணா வந்தாரு இதுல? நான் சொல்றது உப்புத் தண்ணி. இதே பட்டைய பேனல் கதவுல பூசியிருந்தீங்கன்னா நானே வந்து பூசணிக்கா ஒடச்சிருப்பேன்."

"முன்னாடி எத்தினி வருசம் வெச்சேன்? அப்பல்லாம் வெடிச்சிச்சா?"

"அப்பல்லாம் பழைய பேனல். உள்ள ஹீட்டர் எரியும், ஈரம் நிக்காது. இந்தப் புதுப் பேனல்ல ஹீட்டர் வேலை செய்யலன்னு அறிக்கையிலயே ஒரு மூலைல கீது. உங்களுக்கு யாரும் படிச்சிக் காட்டல."

கோதண்டம் கவரைப் பார்த்தார். ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த காகிதம். அதில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்த இரண்டு வார்த்தையை மட்டும்தான்.

"சரி. மொதல் பாதிய மட்டும் குடு. கத்தி இல்லன்னு ஆச்சில்ல? அதுதான் எனக்கு வேணும். சந்தனத்த எவன் கேட்டான்?"

"ரெண்டையும் சேத்துத்தான் குடுப்பேன்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற. என் பொழப்பு இது."

"என் பொழப்பும் இதான்ணா. வேற எடத்துல வேற ஒருத்தர் இந்த ஆயுத பூஜைக்குப் பட்டை அடிக்கப் போறாரு. அவரு பக்கத்துல ஒரு நோயல் நிப்பாரு. பாதிப் படம் வரையலாம். பாதிப் பதில் என்னால குடுக்க முடியாது."

கதவை அறைந்துவிட்டுக் கீழே இறங்கினார். ஒன்பது நாள் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. கடையில் ஒரு மிக்சியைப் பிரித்துவிட்டு நாள் முழுக்கப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார். கத்தி பிழையில்லை. கை பிழையில்லை. ஆனால் அந்தக் கைதான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரே எண்தான் வந்தது.

பத்தாம் நாள் காலையில் செங்குட்டுவன் டியூட்டிக்குப் போகிற வழியில் கடை முன்னால் நின்றான்.

"மாமு, சண்டையெல்லாம் அப்பால வெச்சிக்கோ. நாளன்னிக்கு நாங்க கெளம்பறோம். புனேல பெரிய லேப், அவளக் கூப்ட்டுட்டாங்க. இந்தக் கேபிள் கணக்கத்தான் அனுப்பி வெச்சிருந்தா. அங்க எவனும் டிப்ளமோன்னு கூப்ட மாட்டானாம், மேடமாம்."

"போய்ச் சேரு. அங்கயாவது பொத்தான அமுக்காம இரு," என்று உறுமினார் கோதண்டம். அவன் தெருமுனை திரும்பியதும் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடி ஏறினார்.

வீடு முழுக்க அட்டைப் பெட்டி. யசோதரா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கோதண்டம் நின்றபடியே சொன்னார்.

"ரெண்டையும் சேத்தே குடு."

அவள் எழுந்து மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். பிரிண்ட் எப்போதோ போட்டு வைத்திருந்தாள். ஒன்பது பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். கடைசிப் பக்கத்தின் அடியில் 'கணக்கு: யசோதரா' என்றும், அதற்கு நேராக 'வெட்டு, கலவை: கோதண்டம்' என்றும் இருந்தது. அவள் பெயருக்கு மேலே கையெழுத்து இருந்தது. அவர் பெயருக்கு மேலே காலி இடம். கோதண்டம் மேஜையில் குனிந்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

"இத குடுத்தா கான்ட்ராக்டரு கூட்டிப்பானா?"

"தெரியலண்ணா. கத்தி இல்லன்னு தெளிவா கீது. மத்ததப் படிச்சிட்டு வேணாம்னாலும் சொல்லலாம்."

"சொல்லட்டும். நேராப் போய் குடுத்துட்டு நேரா கேக்கறேன்." உறையை மடிக்காமல் கையில் பிடித்தார். "நான் கெளம்பறேன். ஒம்பது மணிக்கெல்லாம் அவன் ஆபீஸ் தொறந்துடுவான்."

"ண்ணா, இருங்க." யசோதரா சுற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி நோயலண்ணன் ஃபோட்டோ குடுத்தப்ப என்ன ஒண்ணுதான் கேட்டாரு. கை எரிஞ்சதப் பத்தி கேக்கல, உங்களத் திட்டல. 'நான் தொடச்சது சரியா இருந்திச்சான்னு உன் மிஷினு சொல்லுமாம்மா?'ன்னாரு. ஏழு வருசமா அந்த மனுசன் அதையே நெனச்சிக்கினு கீறாரு. சரியாத்தான் தொடச்சிருக்கீங்கன்னு நான் சொல்லியிருப்பேன். சொல்லல. அது நான் சொல்ற வார்த்தை இல்ல. எனக்காக ஒண்ணு பண்ணுங்க. கான்ட்ராக்டராண்ட அப்பறம் போலாம். இப்ப ராயபுரம் போங்க. ஃபோன்ல வேணாம், நேரா போய் அவரு முன்னால நின்னு சொல்லுங்க."